பிறந்த நாள் பேனரும் நம் பிள்ளைகளின் முகமும்

டிசம்பர் பிறந்துவிட்டால் தாலுகா தலைநகரில் இருக்கும் பிளக்ஸ் கடைகளுக்கு ஓய்வே கிடையாது. 6ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள். 8ஆம் தேதி இயக்குநர் பா.ரஞ்சித் பிறந்த நாள். 12ஆம் தேதி நடிகர் ரஜினிகாந்த் பிறந்த நாள். 2025இல் ரஜினிக்கு 75 வயது நிறைந்தது. அவர் அறிமுகமான 'அபூர்வ ராகங்கள்' வெளிவந்து அப்போது 50 ஆண்டும் ஆனது. ஆக, ஒரே வாரத்தில் நம் தெருமுனையில் மூன்று பேனர்.

அந்தப் பேனரின் அமைப்பு நமக்கெல்லாம் மனப்பாடம். மேலே ஓரத்தில் அண்ணல். நடுவில் ஆளுயரத்துக்கு நடிகரோ இயக்குநரோ. அடியில் தபால்தலை அளவில் வரிசையாக நம் தெருப் பையன்கள். கூலிங் கிளாஸ் போட்டவன் ஒருவன், கைபேசியைக் காதில் வைத்தவன் ஒருவன், கைகூப்பி நிற்பவன் ஒருவன். 8ஆம் தேதி பேனரில் இருந்த அதே பையன்கள்தான் 12ஆம் தேதி பேனரிலும் இருப்பார்கள். நடுவில் இருக்கும் ஆள் மட்டும் மாறுவார்.

பெரியவர்கள் இதைப் பார்த்துத் திட்டுகிறார்கள். சினிமாக்காரர் பிறந்த நாளுக்குக் காசைக் கரியாக்குகிறார்களே என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியையும் சேர்த்துப் பேசினால்தான் பையன்கள் காது கொடுப்பார்கள்.

யாருடைய முகம்?

பேனர் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது பேருந்து நிறுத்தம், அல்லது காலனிக்குத் திரும்பும் பாதை மெயின் ரோட்டைத் தொடும் முனை. அந்தப் பையனின் தாத்தா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கடந்த இடம் அது. இன்று பேரனின் முகம் அங்கே பத்தடி உயரப் பேனரில் சிரிக்கிறது. நடிகரின் பிறந்த நாள் அதற்கு ஒரு சாக்கு. தன் முகத்தை மெயின் ரோட்டில் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் அதன் அடிப்படை. அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. முகம் காட்டவே உரிமையில்லாமல் இருந்த மக்களின் பிள்ளைகளுக்கு அது ஒரு தாகம்.

பேனரைக் கிழிப்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். நடிகர் அவர்களுக்கும் பிடித்தவராக இருப்பார். அவர்களுக்கு உறுத்துவது மேலே இருக்கும் அண்ணலின் படமும், கீழே இருக்கும் நம் பையன்களின் படமும். இரவில் கத்தி வைக்கிறார்கள். காலையில் சாலை மறியல், மாலையில் தாசில்தார் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. இரு தரப்பும் பேனரை எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். கிழித்தவரும் கிழிபட்டவரும் அந்தக் காகிதத்தில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான இழப்பு. மறியலில் இருந்த பையன்கள் மீது வழக்கு பதிவாகிறது. இரண்டு ஆண்டு கழித்துக் காவலர் தேர்வு எழுதித் தேறியவனுக்கு, காவல் நிலையச் சரிபார்ப்பின்போது அந்த வழக்கு எழுந்து வந்து நிற்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் கேட்டவனுக்கும் அதே கதை. யாரோ ஒருவரின் பிறந்த நாளில் நம் பையனின் எதிர்காலம் சிக்கிக்கொள்கிறது.

ஒரே நாயகன், இரண்டு மன்றம்

சினிமா சாதியை மறக்க வைக்கும் என்று சொல்பவர்கள் நம் கிராமங்களின் ரசிகர் மன்றப் பலகைகளைப் படித்துப் பார்க்க வேண்டும். பல ஊர்களில் ஒரே நடிகருக்கு ஊர்த்தெருவில் ஒரு மன்றம், காலனியில் ஒரு மன்றம். படம் வெளியாகும் நாளில் இரு தரப்பும் ஒரே திரையரங்கில், ஒரே காட்சியில், ஒரே இடத்தில் விசில் அடிக்கும். வெளியே வந்ததும் இரண்டு வழியாகப் பிரிந்து போகும். நாயகனால் அந்த இரண்டு பலகையையும் ஒன்றாக்க முடியவில்லை.

திரையரங்கின் வாசலும் எல்லோருக்கும் ஒன்று போலத் திறப்பதில்லை. 2023 மார்ச் 30 அன்று 'பத்து தல' பட வெளியீட்டின்போது, சென்னையில் ஒரு பெரிய திரையரங்கில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று டிக்கெட் கையில் இருந்தும் வாசலில் தடுக்கப்பட்டதை நாடே காணொளியில் பார்த்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே உள்ளே விடப்பட்டார்கள். படம் பார்க்கப் போகும் உரிமையே இன்னும் முழுதாகக் கைக்கு வராத மக்கள்தான், அந்தப் படங்களின் நாயகர்களுக்குப் பாலாபிஷேகம் செய்துகொண்டிருக்கிறோம்.

பல பத்தாண்டுகளாக நாம் கைதட்டியே வந்தோம். திரையில் நம்மைப் போன்ற ஒருவர் வந்தால், அவர் எஜமானுக்காக உயிர் விடும் வேலைக்காரராக இருந்தார். இல்லாவிட்டால் அடிவாங்கிச் சிரிக்க வைப்பவராக இருந்தார். நாயகனின் வீட்டுச் சுவரில் எல்லாத் தலைவர்களின் படமும் இருந்தது, ஒருவருடையதைத் தவிர.

இயக்குநருக்கு எதற்குப் பேனர்?

முன்பெல்லாம் இயக்குநரின் பிறந்த நாள் பத்திரிகையில் வரும், தெருவுக்கு வராது. கேமராவுக்குப் பின்னால் நிற்பவருக்குக் கிராமத்துப் பையன்கள் கேக் வெட்டுவது நம் காலத்தில்தான் நடக்கிறது. டிசம்பர் 8இல் பா.ரஞ்சித்துக்கும், மார்ச் 7இல் மாரி செல்வராஜுக்கும் காலனிகளில் பேனர் எழுகிறது. இதன் காரணத்தை அவர்களின் வேலையில்தான் தேட வேண்டும்.

ரஞ்சித் ஆவடி அருகே உள்ள கர்லப்பாக்கத்தில் 1982இல் பிறந்தவர். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தார். 'சென்னை 600028' படத்தில் வெங்கட் பிரபுவிடம் உதவியாளராக வேலை பார்த்தார். 2012இல் 'அட்டகத்தி'. அந்தப் படத்தில் யாரும் அழுதுகொண்டு நீதி கேட்கவில்லை. புறநகர்ப் பையன் ஒருவன் பேருந்தில் தொங்கிக்கொண்டு காதலுக்கு அலைகிறான், தோற்கிறான், சிரிக்கிறான். நம் வீட்டுக்குள் சிரிப்பும் உண்டு என்று தமிழ்த் திரைக்குச் சொன்ன படம் அது. 2014இல் 'மெட்ராஸ்' ஒரு சுவரை வைத்தே வடசென்னையின் அரசியலைச் சொன்னது.

2016இல் 'கபாலி'. சிறையில் ரஜினிகாந்த் கையில் ஒரு புத்தகம்: ஒய்.பி.சத்யநாராயணா தன் தெலங்கானா தலித் குடும்பத்தைப் பற்றி எழுதிய 'மை ஃபாதர் பாலையா'. படம் வந்த பிறகு பல கல்லூரி மாணவர்கள் அந்தப் புத்தகத்தைத் தேடி அலைந்தார்கள். 2018இல் 'காலா', தாராவி மக்களின் நிலம் பற்றியது. 'காலா'வின் ஜீப் பதிவெண் 1956 என்று முடியும். அண்ணல் பௌத்தம் தழுவியதும் மறைந்ததும் அந்த ஆண்டில்தான். 75 வயது நிறைந்த ரஜினியின் திரைவாழ்க்கையில் நம் பிள்ளைகள் இந்த இரண்டு படங்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வது இதனால்தான். அதன் பிறகு 'சார்பட்டா பரம்பரை', 'நட்சத்திரம் நகர்கிறது', 'தங்கலான்'. 12 ஆண்டுகளில் அவர் இயக்கிய முழுநீளப் படங்கள் ஏழு.

ஆனால் நாம் எண்ண வேண்டியது ஏழை மட்டுமல்ல. அவருடைய நீலம் நிறுவனம் எத்தனை புதியவர்களுக்கு வாசல் திறந்தது என்று எண்ணுங்கள். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தது. அதியன் ஆதிரையின் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', பிராங்ளின் ஜேக்கப்பின் 'ரைட்டர்', தமிழின் 'சேத்துமான்', சுரேஷ் மாரியின் 'ஜே.பேபி', ஜெயக்குமாரின் 'ப்ளூ ஸ்டார்' என்று அந்த வரிசை நீள்கிறது. அரக்கோணத்துக் காலனிப் பையன்களும் ஊர்ப் பையன்களும் கிரிக்கெட் மட்டையோடு மோதிக்கொண்ட கதை 'ப்ளூ ஸ்டார்'. அதைப் பார்த்த நம் பையன்கள் பலரும் இது எங்கள் ஊர் மைதானம்தான் என்றார்கள்.

தூத்துக்குடி மாவட்டம் புளியங்குளத்திலிருந்து போன மாரி செல்வராஜ், இயக்குநர் ராமிடம் ஆண்டுக்கணக்கில் உதவியாளராக இருந்தார். 'கர்ணன்', 'மாமன்னன்', 'வாழை', 2025இல் 'பைசன்' என்று வந்திருக்கிறார். வாழைத்தார் சுமந்து கழுத்து வீங்கிய பிள்ளைகளின் விடுமுறை நாள் எப்படி இருக்கும் என்பதை 'வாழை'க்கு முன்பு யாரும் திரையில் காட்டியதில்லை.

படத்தோடு நிற்காமல் ரஞ்சித் கூட்டிய வேலைகளும் உண்டு. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, உதவி இயக்குநர்கள் படிக்க கூகை நூலகம், நீலம் பதிப்பகம், ஏப்ரல் மாதத்தில் வானம் கலைத் திருவிழா. ஒரு கதவு திறந்ததும் அடுத்தவன் நுழைய அதைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அவரது திரைவாழ்க்கையில் பெரிய சேதி. பேனரில் இந்தச் சேதி எங்கே இருக்கிறது? முகம் மட்டும்தான் இருக்கிறது.

பிறந்த நாள் கிடைக்காத நடிகை

நம் வீட்டுப் பெரியவர்களிடம் பிறந்த நாள் எப்போது என்று கேளுங்கள். பெரும் புயல் அடித்த வருஷம், ஏரி உடைந்த வருஷம் என்பார்கள். பள்ளியில் சேர்க்கப் போனபோது, தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுகாதைத் தொடச் சொல்லிப் பார்த்து, வாத்தியார் தாமாக ஒரு மே மாதத் தேதியையோ ஜூன் மாதத் தேதியையோ எழுதிக்கொண்டார். ஒரு மனிதர் பிறந்த தேதியைக் குறித்து வைக்க ஆள் வேண்டும், காகிதம் வேண்டும், அவர் முக்கியம் என்ற எண்ணமும் வேண்டும். மூன்றும் நமக்கு வாய்க்கவில்லை.

பி.கே.ரோசிக்கும் வாய்க்கவில்லை. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தின் நாயகி அவர். புலையர் குடும்பத்தில் பிறந்து புல்லறுத்துப் பிழைத்தவர். படத்தை எடுத்த ஜே.சி.டேனியல் நம் கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். அந்தப் பேசாப் படத்தில் ரோசி ஒரு நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் படம் ஓடியபோது, தலித் பெண் ஒருத்தி எப்படி நாயர் பெண்ணாக நடிக்கலாம் என்று ஆதிக்கச் சாதியினர் கொந்தளித்தார்கள். ரோசியின் வீடு தாக்கப்பட்டது. உயிர் பிழைக்க ஊரைவிட்டு ஓடி, தமிழகப் பக்கம் வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, நடித்ததையே வெளியே சொல்லாமல் வாழ்ந்து முடித்தார். அந்தப் படத்தின் சுருள்கூட இன்று இல்லை.

2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் ரோசியின் ஓவியத்தைப் போட்டு 120ஆவது பிறந்த நாள் என்று அறிவித்தது. ஒரே ஒரு படத்தில் நடித்து, அதற்காக விரட்டப்பட்டவருக்கு, பிறந்த நாள் வாழ்த்து இத்தனை ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் பி.கே.ரோசி பெயரில் திரைப்பட விழா நடத்தியது. ஒரு கலைஞரைக் கொண்டாடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமா? அங்கே அவர் பெயரால் பலரின் படங்கள் திரையிடப்பட்டன. அவர் இழந்த திரை மற்றவர்களுக்குக் கிடைத்தது.

மின்கம்பிக்கு ரசிகன் தெரியாது

இன்னொரு கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 2020 செப்டம்பர் 1 இரவு, ஆந்திராவின் குப்பம் பகுதியில் நடிகர் பவன் கல்யாண் பிறந்த நாளுக்குப் பேனர் கட்டிய மூன்று பேர் மின்சாரம் பாய்ந்து இறந்தார்கள். 2023 ஜூலையில் அதே மாநிலத்தின் பல்நாடு மாவட்டத்தில் சூர்யா பிறந்த நாளுக்குப் பேனர் கட்டிய இரண்டு கல்லூரி மாணவர்கள் இறந்தார்கள். 2024 ஜனவரியில் கர்நாடகத்தின் கதக் மாவட்டத்தில் யஷ் பிறந்த நாளுக்கு கட்-அவுட் நிறுத்திய மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். மூன்று பிறந்த நாள்கள், எட்டுச் சாவுகள். நடிகர்கள் வருந்தினார்கள், உதவினார்கள். போன உயிர் போனதுதான்.

இரும்புச் சட்டம் கட்டிய பேனரை இரவில் தூக்கிப் பிடிப்பவன் எந்த வீட்டுப் பையன் என்று சொல்லத் தேவையில்லை. வசதியுள்ள ரசிகன் வீட்டில் உட்கார்ந்து கைபேசியில் வாழ்த்து அனுப்புகிறான். கம்பம் ஏறுபவன் கூலிக்காரனின் மகன்.

அண்ணல் என்ன நினைத்தார்?

பேனரின் உச்சியில் அண்ணலை வைக்கிறோம் அல்லவா? பிறந்த நாள் கொண்டாட்டம் பற்றி அவர் என்ன நினைத்தார் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 1947 ஏப்ரலில், சென்னையிலிருந்து வெளிவந்த 'ஜெய் பீம்' என்ற இதழ் அவரது பிறந்த நாளுக்குச் சிறப்பிதழ் போட்டு அவரிடம் செய்தி கேட்டது. தன் பிறந்த நாளைக் கொண்டாடுவது தனக்குப் பிடிக்கவில்லை என்றே அவர் எழுதி அனுப்பினார். தலைவரை நேசிக்கலாம், மதிக்கலாம், வழிபடக் கூடாது. வழிபாடு இரு தரப்பையுமே கெடுக்கும் என்பது அந்தச் செய்தியின் சாரம்.

அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1943 ஜனவரியில் புனேவில் ரானடேயின் 101ஆவது பிறந்த நாள் விழாவிலேயே நின்று, தலைவர்களைக் கண்மூடி வழிபடும் வழக்கத்தைக் கடுமையாக விமர்சித்தார். பிறந்த நாள் மேடையை அவர் புகழ் பாடப் பயன்படுத்தவில்லை. ஒருவரின் வாழ்க்கையை எடைபோடப் பயன்படுத்தினார்.

அப்படியானால் நாமும் எடைபோடலாம். ரஞ்சித்தின் 'வேட்டுவம்' படப்பிடிப்பு நாகை மாவட்டத்தில் நடந்தபோது, 2025 ஜூலையில் கார் சாகசக் காட்சியில் சண்டைப் பயிற்சிக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். வழக்கும் பதிவானது. உழைப்பவரின் உயிரைப் பற்றிப் படம் எடுப்பவரின் தளத்தில் உழைப்பவருக்கு என்ன பாதுகாப்பு இருந்தது என்று கேட்க, அவரைக் கொண்டாடுபவர்களுக்குத்தான் முதல் உரிமை இருக்கிறது. நம்மவர் என்பதற்காக அந்தக் கேள்வியை விழுங்கினால் அவரையும் இன்னொரு கட்-அவுட்டாக ஆக்கிவிடுவோம். நம் கதைகளில் பெண்கள் எத்தனை பேர் மையமாக வருகிறார்கள், நம் பெண்கள் எத்தனை பேர் இயக்க வந்திருக்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

7,500 ரூபாய்க்கு ஒரு யோசனை

தம்பிகளே, கொண்டாட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொண்டாட்டமே வேண்டாம் என்று நம்மிடம் சொல்பவர்கள் தங்கள் வீட்டு விசேஷத்தை நிறுத்துவதில்லை. பதினைந்து பேர் ஆளுக்கு 500 ரூபாய் போட்டால் 7,500 ரூபாய். அது இப்போது பேனராகவும் கேக்காகவும் ஸ்பீக்கர் வாடகையாகவும் ஒரே நாளில் தீர்ந்துபோகிறது.

அதே பணத்தில் புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து, சமுதாயக் கூடத்தின் வெள்ளைச் சுவரில் 'பரியேறும் பெருமாள்' போடலாம். படம் முடிந்ததும் கலைந்து போகாமல் ஒரு மணி நேரம் பேசலாம். அம்மாக்களையும் அக்காக்களையும் முதல் வரிசையில் உட்கார வைத்து அவர்களைப் பேசச் சொல்லலாம். மீதிப் பணத்தில் ஊர்ப்புற நூலகத்துக்கோ இரவுப் பள்ளிக்கோ அண்ணலின் தொகுதிகளில் சிலவற்றை வாங்கி வைக்கலாம். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பதினைந்து பேரின் பெயரையும் எழுதுங்கள். பேனர் மழைக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. அந்தப் பக்கம் உங்கள் பிள்ளைகள் படிக்கும் வரை இருக்கும்.

பிளஸ் டூ முடிக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று சொல்லுங்கள். ரஞ்சித் படித்தது அரசுக் கல்லூரியில். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. புனேவில் உள்ள மத்திய அரசின் திரைப்படக் கல்லூரியில் நமக்கு இடஒதுக்கீடு உண்டு. இந்த விவரம் தெரியாமலேயே எத்தனையோ பேர் சினிமா ஆசையை மனதுக்குள் வைத்துக்கொண்டு செங்கல் சூளைக்குப் போகிறார்கள். பிறந்த நாள் அன்று இந்த விவரத்தை ஒரு காகிதத்தில் அச்சடித்துத் தெருவில் கொடுத்தாலே அது பெரிய கொண்டாட்டம்.

நாட்காட்டியையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். ஜூலை 23 சூர்யாவின் பிறந்த நாள் என்று நமக்குத் தெரியும். 1999இல் அதே தேதியில்தான் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போன 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். டிசம்பர் 12 தெரிந்த நமக்கு, 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட நாளும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை அழித்து இன்னொன்றை எழுத வேண்டியதில்லை. இரண்டும் ஒரே நாட்காட்டியில் இருக்கட்டும். இந்த இயக்குநர்கள் படத்தில் செய்வதும் அதைத்தான்: பாட்டும் காதலும் இருக்கும் இடத்திலேயே நம் சாவுகளையும் குறித்து வைக்கிறார்கள்.

அடுத்த டிசம்பரில் தெருமுனையில் பேனர் வைத்தே தீர வேண்டும் என்றால் வையுங்கள். அனுமதி வாங்கி, மின்கம்பிக்குத் தள்ளி வையுங்கள். ஆனால் ஒரு மாற்றம் செய்யுங்கள். இரவுப் பள்ளியில் படித்துத் தேறிய பெண்ணின் முகத்தை, முதல் குறும்படம் எடுத்த பையனின் முகத்தை, தபால்தலை அளவில் வைக்காமல் நடுவில் பெரிதாகப் போடுங்கள். ரஞ்சித்தின் படம் ஓரத்தில் சிறிதாக இருக்கட்டும்.